வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு

மார்ச் 3

மருமகளுக்கு,

போன் பண்ணினா எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டே. கடிதம் போட்டா பிரிக்க மாட்டேன்னு சொல்லலை. அந்தச் சந்துல புகுந்து இதை எழுதறேன். உன் வீட்டு முகவரி தெரியாது. அதான் ஆபீசுக்கு அனுப்பறேன்.

பயப்படாதே, சமாதானம் பேச வரலை. கம்ப்யூட்டர் கிளம்ப மாட்டேங்குது.

பட்டனை அமுக்கினா விளக்கு எரியுது, ஃபேன் சுத்துது, கம்பெனிப் படம் வருது. அதுக்குக் கீழ சின்னச் சின்னப் புள்ளியா ஒரு வட்டம் சுத்துமே, அதுவும் சுத்துது. அப்புறம் சுத்திக்கிட்டே இருக்கு. நான் குளிச்சு, துணி காயப்போட்டு வந்து பார்த்தாலும் அதே வட்டம். சில நாள் வட்டம்கூட அப்படியே உறைஞ்சு போயிடுது. ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணிப் போட்டா, என்னைக்காவது ஒருநாள் ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பிடும்.

கடைத்தெரு மெக்கானிக் வந்தான். மூடியைக்கூடக் கழட்டலை. "போர்டு போயிடுச்சும்மா" அப்படின்னான். நாடி பிடிக்காமலே நோய் சொல்ற வைத்தியன். உன் வீட்டுக்காரன் (என் பையன்னே வச்சுக்கோ) "குப்பைல போடும்மா, புதுசு வாங்கலாம்"கிறான்.

புதுசு வாங்கிக்கலாம். ஆனா எறும்புக்காரரோட ஆராய்ச்சி முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு. அவரை உனக்குத் தெரியாது, நீ போனப்புறம் என்கிட்ட டைப் அடிக்கக் கொடுக்க வந்தவர். எறும்பு ஒண்ணுக்கொண்ணு எப்படி வழி சொல்லிக்குதுன்னு வாழ்க்கை பூராவும் பார்த்துக்கிட்டிருக்கற மனுஷன். கையெழுத்தும் எறும்பு ஊர்ற மாதிரியே இருக்கும். ஒவ்வொரு பக்கமா எழுத்துக்கூட்டி டைப் அடிச்சேன். அவரும் பக்கத்துல உட்கார்ந்து திரையிலயே திருத்துவார், அந்தத் திருத்தம் எதுவும் பேப்பர்ல கிடையாது. மே மாசம் அவர் அதைக் கல்லூரியில கொடுத்தாகணும். திரும்பவும் முதல்லேருந்து அடிக்க என் கண்ணால ஆகாது.

நீதான் அந்தக் கம்ப்யூட்டரைச் சேர்த்து வச்சே. அதனால உன்னைக் கேட்கறேன். அது ஏன் இப்படிப் பண்ணுது?

அத்தை

மார்ச் 9

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் இப்போது ஏ.டி.எம். மெஷின்கள் பழுது பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். பாதி நாள் வெளியூர். பதில் தாமதமானால் தப்பா நினைக்க வேண்டாம்.

போர்டு போயிருந்தால் கம்பெனிப் படமே வராது. அதனால் மெக்கானிக் சொன்னதை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை எப்போது கிளம்புகிறதோ, அப்போது வேறு எதையும் தொடாமல் முதலில் அந்த ஆராய்ச்சியை ஒரு பென்டிரைவில் நகல் எடுங்கள். அதற்கு அப்புறம்தான் பழுதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

கிளம்பாத நாளில் இப்படிச் செய்து பாருங்கள். பின்பக்கம் செருகியிருக்கும் பிரிண்டர், ஸ்பீக்கர், சார்ஜர் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கீபோர்டு, மவுஸ், திரை மட்டும் விட்டுப் போடுங்கள். வெளியே மாட்டியிருக்கிற சாமானால் நிற்கிறதா, உள்ளே இருப்பதாலா என்று அதில் தெரிந்துவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரைக்கும் தெரியாது. பட்டனை அமுக்கி அமுக்கி அணைக்காதீர்கள்.

என் முகவரியை வீட்டில் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
(உங்களுக்குத் தெரியும்)

மார்ச் 15

மருமகளுக்கு,

என்ன இது, மின்சார ஆபீஸ்ல இருந்து நோட்டீஸ் வந்த மாதிரி எழுதியிருக்கே? "தப்பா நினைக்க வேண்டாம்"னு மூணாம் மனுஷிக்குச் சொல்ற மாதிரி. சரி, போகட்டும். வேலைக்கு வரேன்.

எல்லா ஒயரையும் பிடுங்கினேன். திரை கறுப்பா ஆயிடுச்சு. ஐயோ, செத்தே போச்சுன்னு நினைச்சுட்டேன். அப்புறம் பார்த்தா திரையோட ஒயரையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கேன். திரும்ப மாட்டினேன். பழைய வட்டம், பழைய சுத்து. ஆக, வெளியில இருக்கற சாமான்கள் நிரபராதி. பிரிண்டரைத் தடவிக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன்.

வியாழக்கிழமை காலையில கிளம்பிடுச்சு! நீ சொன்னபடி முதல் வேலையா பென்டிரைவைச் செருகி எறும்பை அதுல இழுத்துப் போட்டேன். சந்தேகத்துக்கு எதிர்வீட்டு டீச்சரம்மா கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா, திறக்கவே மாட்டேங்குது. டீச்சரம்மா மெதுவா சொன்னாங்க, நான் எடுத்தது ஃபைல் இல்லையாம், ஃபைலுக்கு வழி காட்டற வெறும் படமாம். வீட்டைப் பெயர்த்துக்கிட்டுப் போறதா நினைச்சு வாசல் பலகையைக் கழட்டிக்கிட்டுப் போயிருக்கேன். ஓடி வந்து பார்த்தா கம்ப்யூட்டர் மறுபடியும் நின்னுடுச்சு. அதுலேருந்து இன்னும் எழுந்திருக்கலை.

ஒண்ணு கேட்கணும். நீ போன அன்னைக்கு நான் கண் ஆஸ்பத்திரியில இருந்து வந்தேன். ஒரு கண்ணுல கட்டு. உன் ரூம்ல துணி இல்லைங்கறதே சாயங்காலம்தான் தெரிஞ்சுது. எத்தனையோ பேசியிருக்கோமே நாம. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருந்தா, நான் உன்னைக் கட்டிப் போட்டிருப்பேனா?

கோபத்துல கேட்கலை. தெரிஞ்சுக்கணும்னு கேட்கறேன்.

அத்தை

மார்ச் 20

அத்தை,

செவ்வாய்க்கிழமை உங்கள் பையன் என் ஆபீஸ் நம்பருக்கு போன் பண்ணினார். "அம்மாவுக்கு எழுத நேரம் இருக்கு, எனக்கு இல்லையா?" என்று கேட்டார். பக்கத்து மேஜையில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

நேராகவே கேட்கிறேன். கம்ப்யூட்டர் உண்மையிலேயே நிற்கிறதா? இல்லை, அவர் சொல்லித்தான் எனக்கு எழுதுகிறீர்களா? எறும்பு ஆராய்ச்சி, ஒரு கண்ணில் கட்டு என்று படிக்கப் படிக்க எனக்குப் பாவமாக இருந்தது. அப்படி இருக்க வேண்டும் என்றே எழுதியதோ என்று இப்போது தோன்றுகிறது.

இட மாற்றமும் பதவி உயர்வும் வந்தபோது, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மேனேஜருக்கு போன் பண்ணி "அவள் வரமாட்டாள்" என்று சொன்னவர் அவர். நான் போனது அதனால்தான், வேறு எதனாலும் இல்லை. அந்த வீட்டிலிருந்து வரும் எதையும் உடனே நம்ப எனக்கு இன்னும் பழகவில்லை.

இனி எழுத வேண்டாம்.

மார்ச் 25

மருமகளே,

எழுதாதேன்னு சொன்னா எழுதாம இருக்க நான் என்ன உன் ஆபீஸ் கிளார்க்கா?

இந்தக் கவருக்குள்ள அலுமினியத் தாள்ல சுத்தி ஒண்ணு வச்சிருக்கேன். பிரிச்சுப் பார். நீ வந்த புதுசுல சாப்பாட்டு மேஜையில கம்ப்யூட்டரைப் பிரிச்சுப் போட்டு, பச்சைச் சீப்பு மாதிரி ஒண்ணைக் காட்டி, "இதுதான் ரேம், அத்தை. இது இல்லாட்டி இதுக்கு ஒண்ணும் ஓடாது"ன்னு சொன்னே. அதேதான். நானே மூடியைக் கழட்டி எடுத்தேன். சாட்சி கேட்டே இல்லை? இப்போ என் கம்ப்யூட்டர் மூளையைக் கழட்டிக் கொடுத்துட்டுப் பேச்சு மூச்சில்லாம கிடக்கு. பொய் சொல்றவ இதைச் செய்வாளா?

அவன்கிட்ட நான் முகவரி கொடுக்கலை. உன் கவர் மேல உங்க ஆபீஸ் முத்திரை குத்தியிருக்கு, தபால் பெட்டியில அவன் கையிலதான் முதல்ல சிக்கிச்சு. அன்னைக்கே நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டான். அடுத்ததை டீச்சரம்மா வீட்டு முகவரிக்கு அனுப்பு, கீழே எழுதியிருக்கேன்.

கோபமா உட்கார்ந்துதான் மூடியைக் கழட்டினேன். கழட்டினதும் கோபம் எங்கே போச்சுன்னு தெரியலை. உள்ளே ஒரு ஊரே இருக்கே! சின்னச் சின்ன வீடு, தெரு, தண்ணித் தொட்டி மாதிரி உருளை, நடுவுல ஃபேன். தூசி மட்டும் தலையணை பஞ்சு மாதிரி. வாயால ஊதிட்டேன், தப்பா? நீல ஒயர் ஒண்ணு ஒரு பெட்டிக்குள்ள போகுதே, அது என்ன? உள்ளங்கை அகலத்துக்கு இரும்புப் பெட்டி. கனமா இருக்கு.

அத்தை

ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

மன்னிச்சுடுங்க. கவரைப் பிரிச்சதும் சிரிச்சேன், அப்புறம் பாத்ரூம்ல போய் அழுதேன். ஆபீஸ்ல எல்லாரும் ஏதோ துக்கச் செய்தின்னு நினைச்சுட்டாங்க. "ஒண்ணுமில்லை, எங்க அத்தை ரேம் அனுப்பியிருக்காங்க"ன்னா யாருக்குப் புரியும்?

உங்க ரேமை இங்க ஒரு மெஷின்ல போட்டு ஒரு ராத்திரி முழுக்க சோதனை ஓட விட்டேன். ஒரு தப்புகூட இல்லை. இதோட திருப்பி அனுப்பறேன். அதோட தங்க நிறப் பல்லை ஒரு ரப்பரால மெதுவா தேய்ச்சுட்டு, 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் அழுத்தி மாட்டுங்க. மாட்டறதுக்கு முன்னாடி கரன்ட் ஒயரைப் பிடுங்கியிருக்கணும், மறந்துடாதீங்க. ஊதினது தப்புதான், எச்சில் தெறிக்கும். பெயின்ட் பிரஷ்ஷால தட்டுங்க.

நீல ஒயர் போற இரும்புப் பெட்டிதான் ஹார்ட் டிஸ்க். எறும்பு அதுலதான் குடியிருக்கு.

இனிமே நீங்கதான் என் கண்ணும் காதும். நின்னு போற நேரத்துல என்ன பார்க்கறீங்க, என்ன கேட்கறீங்க, எல்லாம் எழுதுங்க. எது முக்கியம், எது இல்லைன்னு நீங்க தீர்மானிக்காதீங்க.

நீங்க கேட்டதுக்குப் பதில். உங்ககிட்ட சொன்னா கட்டிப் போடுவீங்கன்னு நான் நினைக்கலை. போகாதேன்னுகூட சொல்லியிருக்க மாட்டீங்க. "சரி, சாப்பிட்டுட்டுப் போ"ன்னு சொல்லியிருப்பீங்க. சாப்பிட உட்கார்ந்திருந்தா நான் எழுந்திருச்சிருக்க மாட்டேன், அத்தை. அதனாலதான் நீங்க இல்லாத நேரமா பார்த்துப் போனேன்.

உங்க மருமகள்

ஏப்ரல் 8

அன்புள்ள மருமகளுக்கு,

உன் பதிலைப் படிச்சேன். அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை. எழுத ஆரம்பிச்சா டிஸ்க்கைப் பத்தி எழுத முடியாது.

ரேமை மாட்டியாச்சு. ரப்பரால தேய்ச்சதுல பல்லு பளபளன்னு ஆயிடுச்சு. ஆனா நோய் அப்படியேதான் இருக்கு.

காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்தேன். மூடி கழட்டியே இருக்கு. டீச்சரம்மாவும் வேடிக்கை பார்க்க வந்தாங்க. பட்டனைப் போட்டதும் ஃபேன் சத்தம் ஒரே சீரா வருது. அந்தச் சத்தத்துக்கு அடியில இன்னொண்ணு இருக்கு. நான் ஆபீஸ்ல மெஷின்ல டைப் அடிச்சவ. பத்து பேர் ஒரே ஹால்ல அடிக்கும்போது யாரோட மெஷின்ல எந்தச் சாவி மாட்டிக்குதுன்னு திரும்பிப் பார்க்காமலே சொல்லுவேன். இது அந்த மாதிரிச் சத்தம். டிக்... டிக்... டிக், அப்புறம் சின்னதா ஒரு கீச்சு, திரும்பவும் முதல்லேருந்து. ஒரே எழுத்தை அடிக்கப் பார்த்துப் பார்த்துத் தாளைத் தொடாமலே திரும்பற மாதிரி. டீச்சரம்மாவுக்குக் கேட்கலை. "உங்களுக்குப் பிரமை"ங்கறாங்க. ஒரு நீள ஸ்பூனோட காம்பைப் பல்லுல கடிச்சுக்கிட்டு மறுமுனையை அந்த இரும்புப் பெட்டி மேல வச்சேன். மண்டைக்குள்ளயே கேட்டுது. சத்தியமா அங்கேருந்துதான் வருது.

முன்னாடி கிளம்பின நாள்ல இந்தச் சத்தம் கேட்டதே இல்லை. இப்போ கிளம்பாம நிக்கற ஒவ்வொரு தடவையும் இருக்கு. எனக்குத் தலைகால் புரியலை, அவ்வளவு சந்தோஷம். கண்டுபிடிச்சுட்டேன்தானே? சொல்லு, சீக்கிரம் சொல்லு.

அத்தை

ஏப்ரல் 12

அத்தை,

இதை எக்ஸ்பிரஸ் தபால்ல அனுப்பறேன். இனிமே அந்தக் கம்ப்யூட்டரைப் போடவே போடாதீங்க. ஒரு தடவைகூட.

நீங்க கண்டுபிடிச்சுட்டீங்க. ஹார்ட் டிஸ்க் சாகுது. உள்ளே ஒரு தட்டு சுத்தும், அதைப் படிக்க ஒரு முள் உண்டு. கிளம்பத் தேவையான ஏதோ ஒண்ணு தேய்ஞ்ச இடத்துல மாட்டிக்கிச்சு. முள் அதைப் படிக்கப் பார்த்துப் பார்த்துத் திரும்புது. படிக்க முடியற வரைக்கும் கம்ப்யூட்டர் காத்துக்கிட்டே இருக்கு. வட்டம் சுத்தறதும் அதனாலதான். ஒவ்வொரு தடவை போடும்போதும் இன்னும் கொஞ்சம் போகும். முதல்லயே நான் இதைச் சந்தேகப்பட்டிருக்கணும்.

கெட்ட செய்தி இது. நல்ல செய்தி, எறும்பு இருக்கற இடம் இன்னும் நல்லா இருக்கலாம். அந்த டிஸ்க்கைக் கழட்டி இங்க என் மெஷின்ல ரெண்டாவது டிஸ்க்கா மாட்டினா, அதுலேருந்து கிளம்ப வேண்டிய அவசியம் இல்லாம ஃபைலை மட்டும் எடுக்கப் பார்க்கலாம். நாலு பக்கமும் ஆணி இருக்கும். கழட்டி, துண்டுல சுத்தி, கூரியர்ல அனுப்புங்க. கீழே போட்டுடக் கூடாது.

நானே வரணும். அந்த வாசற்படி ஏற எனக்கு இன்னும் கால் வரலை. தப்பா எடுத்துக்காதீங்க.

உங்க மருமகள்

ஏப்ரல் 16

மருமகளுக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னாடி நானே வந்துடுவேனோ என்னவோ.

இன்னைக்குக் காலையில ஆணி கழட்ட உட்கார்ந்திருந்தேன். வாசல்ல கடைப்பையன் நிக்கறான், கையில புது லேப்டாப் பெட்டியோட. "பழசைக் கொடுங்கம்மா, சார் மாத்திக்கச் சொல்லிப் பேசி முடிச்சுட்டார்"கிறான். சார் பின்னாடியே வந்தான். முகத்துல ஒரே பெருமை. அம்மாவுக்கு இன்ப அதிர்ச்சியாம்!

"யாரைக் கேட்டு?"ன்னேன்.

"உனக்கு நல்லதுதானேம்மா பண்றேன். கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவே."

"வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சா, அதுதானே பதில்? அதைக் காதுல வாங்காம பண்றதுக்குப் பேரு நல்லதா?"

நிஜமாவே புரியலை அவனுக்கு. நான் கம்ப்யூட்டரை மடியில தூக்கி வச்சுக்கிட்டு தரையிலயே உட்கார்ந்துட்டேன். கடைப்பையன் செருப்பை மாட்டிக்கிட்டு நழுவிட்டான்.

உன் மேனேஜருக்கு அவன் போன் பண்ணின விஷயம் எனக்குத் தெரியும். புருஷன் பொண்டாட்டி விவகாரம்னு ஒதுங்கி இருந்தேன். அது எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் உடம்புல பட்டுது. அவன் கெட்டவன் இல்லை. ஆனா கெட்டவனா இருந்தாத்தான் விட்டுப் போகணும்னு ஒரு சட்டமும் இல்லை.

கூரியரை நான் நம்பலை. ஞாயித்துக்கிழமை பகல் ரயில்ல வரேன். டிஸ்க் என் மடியில இருக்கும். ஸ்டேஷனுக்கு வா. அவனைக் கூட்டிக்கிட்டு வரலை, அவன் சார்பா பேசவும் வரலை.

அத்தை

மே 6

அன்புள்ள மருமகளுக்கு,

வீட்டுக்கு வந்து ரெண்டு வாரம் ஆச்சு, இப்போதான் எழுத உட்காரறேன். உன் ஊர்லேருந்து இவ்வளவு தூரமும் ஜன்னல் பக்கமே பார்க்காம, நீ வாங்கிக் கொடுத்த புது டிஸ்க்கையே பார்த்துக்கிட்டு வந்தேன். தீப்பெட்டி கனம்கூட இல்லை, உள்ளே முள்ளும் இல்லை, சத்தமும் இல்லை. எதை வச்சு இதோட உடம்பு சரியில்லைன்னு கண்டுபிடிக்கறதாம்?

உன் ரூம்ல உட்கார்ந்து, எறும்பு எவ்வளவு நகலாச்சுன்னு காட்டற அந்தப் பச்சைக் கோடு ஊர்றதைப் பார்த்த மாதிரி நான் எந்தப் பரீட்சை ரிசல்ட்டையும் பார்த்ததில்லை. ஆறாம் அத்தியாயத்துல வந்து அது நின்னப்போ உன் கையைப் பிடிச்சேனே, நகம் பதிஞ்சுடுச்சா? அந்த ஒரு அத்தியாயம்தானே போச்சு. எறும்புக்காரர்கிட்ட சொன்னேன். மனுஷன் திட்டுவார்னு பார்த்தா, "அந்த அத்தியாயம் எனக்கே பிடிக்கலை, நல்லவேளை"ன்னு சொல்லிட்டு, பக்கத்துல உட்கார்ந்து புதுசா சொல்லச் சொல்ல நான் அடிச்சேன். நேத்து கல்லூரியில கொடுத்தாச்சு.

நீ அவனுக்கு போன் பண்ணிப் பிரிஞ்சுடலாம்னு சொன்னதை அவனே என்கிட்ட சொன்னான். என் வாயால சொல்ல வைக்காம நீயே சொன்னதுக்கு நன்றி. ரெண்டு நாள் ரூமை விட்டே அவன் வெளியில வரலை. அப்புறம் நான் புது டிஸ்க்கை மாட்ட உட்கார்ந்தப்போ வாசல்ல வந்து நின்னான். "அம்மா, நான் டார்ச் பிடிக்கட்டுமா?"ன்னான். அவன் பிறந்ததுலேருந்து எந்த வேலைக்கும் 'செய்யட்டுமா'ன்னு என்கிட்ட கேட்டதே இல்லை. பிடிச்சான். "இந்த நீல ஒயர் எங்கே போகுது?"ன்னு கேட்டான். சொன்னேன். "இதெல்லாம் அவ சொல்லிக் கொடுத்தாளா?"ன்னான். ஆமாம்னேன். அப்புறம் டார்ச் வெளிச்சத்தை அந்த ஒயர் மேலயே பிடிச்சுக்கிட்டிருந்தான்.

உனக்கு இது காலம் கடந்தது. எனக்குத் தெரியும். உன் மனசை மாத்தறதுக்கு எழுதலை. நடந்ததை உன்கிட்ட சொல்லாம என்னால இருக்க முடியலை.

இன்னொண்ணு. மருந்துக்கடைக்காரர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டு வந்து வச்சுட்டுப் போயிட்டார். டீச்சரம்மா வாய் சும்மா இருக்குமா? இதுவும் கிளம்பறப்போ நிக்குது. ஸ்பூனைக் கடிச்சுக் கேட்டேன், டிஸ்க் அமைதியா இருக்கு. ஆனா கீபோர்டைத் தொடாமலே திரையில ஏதோ பட்டியல் திறந்து, அதுல ஒரே வரி துள்ளிக்கிட்டே இருக்கு. ஏன்? எனக்குத் தூக்கமே வரலை.

அத்தை

மே 13

அன்புள்ள அத்தைக்கு,

மருந்துக்கடைக்காரர் கம்ப்யூட்டருக்கு என்னன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கறேன். சொல்ல மாட்டேன். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, உங்களுக்கே தெரிஞ்சுடும். இந்தக் கடிதத்துல இனி கம்ப்யூட்டர் பேச்சே கிடையாது.

விவாகரத்துப் பேப்பர்ல அவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டார். கூடவே வேற ஒண்ணும் எழுதலை. டார்ச் பிடிச்சதை நீங்க சொன்னதும் கொஞ்ச நேரம் வேலை ஓடலை. அது நிஜம். திரும்பி வர மாட்டேன்கறதும் நிஜம். ரெண்டையும் உங்ககிட்ட மட்டும்தான் சொல்ல முடியுது.

மாடி வீட்டுக்காரம்மா மாடிப்படியில நிறுத்திக் கேட்டாங்க. "அன்னைக்கு வந்தது உங்க அம்மாவா?"

"இல்லை, எங்க அத்தை."

"அப்பா கூடப் பிறந்தவங்களா?"

நான் ஆமாம்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை. "முகஜாடை அப்படியே இருக்கு"ன்னு அவங்களே முடிவு பண்ணிட்டுப் போயிட்டாங்க.

நீங்க இருந்த ரெண்டு நாளும் ஒரே நாற்காலியில உங்களை உட்கார வச்சுட்டு நான் ஜன்னல் திண்டுல சாய்ஞ்சுக்கிட்டே சாப்பிட்டேன், கவனிச்சீங்களா? நேத்து வேலை முடிஞ்சு வரும்போது கடையில இன்னொரு நாற்காலி வாங்கினேன். தலையில வச்சுத் தூக்கிக்கிட்டே மூணு மாடி ஏறினேன். மேஜைக்கு அந்தப் பக்கம் போட்டிருக்கேன். முதுகுக்குக் கொஞ்சம் உயரம் போதாது, தலையணை வச்சுக்கலாம்.

எப்போ வரீங்க?

உங்க மருமகள்